சப்ளை செயின்: விநியோகச் சங்கிலியா, வழங்கல் தொடரா?

மேலாண்மைக் கல்லூரிப் பாடத்தில் மட்டும் புழங்கிவந்த ‘சப்ளை செயின்’ என்ற சொல், நாளிதழின் முதல் பக்கத்துக்கு வந்து சில ஆண்டுகள்தாம் ஆகின்றன. 2020இல் பெருந்தொற்றால் தொழிற்சாலைகளும் துறைமுகங்களும் முடங்கியபோதும், 2021 மார்ச்சில் ‘எவர் கிவன்’ என்னும் சரக்குக் கப்பல் சூயஸ் கால்வாயின் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்தபோதும், இந்தச் சொல் இல்லாமல் செய்தி எழுத முடியாது என்ற நிலை உண்டாயிற்று. தமிழ் ஏடுகளில் பெரும்பாலானவை அதை ‘விநியோகச் சங்கிலி’ என்று எழுதின. இன்று அதுவே நிலைபெற்றும் வருகிறது. ஆனால் அந்தத் தமிழாக்கம் கருத்தில் பாதியை விட்டுவிடுகிறது. முழுக் கருத்தையும் தாங்கக்கூடிய சொல் நம் தாலுகா அலுவலகப் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் சொல் குறிக்கும் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு பண்டம் மூலப்பொருளாக இருக்கும் இடத்திலிருந்து, அதைப் பயன்படுத்துகிறவரின் கைக்கு வந்து சேரும்வரை, அதைத் தொடுகிற ஆட்கள், கிடங்குகள், வண்டிகள், ஆலைகள், ஆவணங்கள், இவற்றுக்கிடையே எடுக்கப்படும் முடிவுகள் ஆகிய எல்லாம் சேர்ந்த ஏற்பாடே சப்ளை செயின். பண்டம் ஒரு திசையில் போகிறது. பணம் எதிர்த்திசையில் வருகிறது. எவ்வளவு வேண்டும், எவ்வளவு கையிருப்பு என்ற செய்தி இரு திசையிலும் ஓடுகிறது. இம்மூன்றில் எது நின்றாலும் மற்ற இரண்டும் நின்றுவிடும்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் இரு பகுதிகளும் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தவை. ‘சப்ளை’ என்பதற்கு மூலமான ‘சுப்ளேரே’ என்ற வினைக்குக் குறைவை நிரப்புதல் என்று பொருள். ‘செயின்’ என்பது ‘கத்தேனா’, அதாவது விலங்கு அல்லது சங்கிலி. இலங்கைத் தமிழர் பொருளியல் நூல்களில் ‘கேள்வியும் நிரம்பலும்’ என்று எழுதுவது இங்கே நினைவுக்கு வருகிறது. நாம் ‘தேவையும் அளிப்பும்’ என்று படித்ததைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். ‘நிரம்பல்’ லத்தீன் மூலத்தோடு வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகிறது.

மேலாண்மைத் துறையில் ‘சப்ளை செயின்’ என்ற சொல்லைப் புகழ்பெறச் செய்தவர் பூஸ் ஆலன் ஹாமில்டன் ஆலோசனை நிறுவனத்தைச் சேர்ந்த கீத் ஆலிவர். 1982இல் ‘ஃபைனான்சியல் டைம்ஸ்’ இதழுக்கு அளித்த நேர்காணலில் அவர் ‘சப்ளை செயின் மேனேஜ்மென்ட்’ என்ற தொடரைப் பயன்படுத்தினார். அவருடைய குழு அந்த அணுகுமுறைக்கு முதலில் வைத்திருந்த பெயர் ‘ஒருங்கிணைந்த இருப்பு மேலாண்மை’ என்று பொருள்படுவது. அந்தப் பெயர் வாடிக்கையாளர் நிறுவனமான பிலிப்ஸில் எடுபடவில்லை. பெயர் மாறியதைவிட முக்கியமானது அதற்குப் பின்னாலிருந்த பிரச்சினை. அதுவரை நிறுவனங்களில் கொள்முதல் ஒரு துறை, உற்பத்தி வேறொரு துறை, விற்பனையும் விநியோகமும் மற்றொரு துறை. ஒவ்வொரு துறையும் தன் கணக்கு சரியாக இருந்தால் போதும் என்று நடந்துகொள்ள, துறைகளுக்கு நடுவே சரக்கு குவிந்தது. குவிந்த சரக்குக்குப் பொறுப்பாளர் யாரும் இல்லை. அந்த நடுவெளிக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே ஆலிவர் சொன்ன புதுமை.

நடுவெளியில் சரக்கு குவிவது என்றால் என்ன என்பதைக் காவிரி டெல்டாவில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தால், குறுவை நெல் செப்டம்பர், அக்டோபரில் அறுவடைக்கு வரும். வடகிழக்குப் பருவமழையும் ஏறத்தாழ அதே நேரத்தில்தான் வரும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் திறக்கும் நேரடி கொள்முதல் நிலையங்களுக்கு அந்த நெல் போகிறது. நிலையத்தில் நெல்லைத் தூற்றி, ஒரு கை அள்ளி ஈரப்பதமானியின் கிண்ணத்தில் கொட்டி இறுக்குகிறார்கள். 17 சதவீதத்துக்குள் எண் காட்டினால் நெல் எடைக்குப் போகும். அதிகம் காட்டினால், தளர்வு அறிவிக்கப்பட்டிருந்தாலொழிய, திரும்பக் களத்துக்குத்தான். 40 கிலோ சிப்பமாகப் பிடித்து, சணலால் வாய் தைத்து, அட்டி போடுகிறார்கள், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். பட்டியல் எழுத்தர் பட்டியல் போட்டதும் விவசாயியின் வங்கிக் கணக்குக்குப் பணம் வர வழி பிறக்கிறது.

இதுவரை நடந்தது சங்கிலியின் ஒரு கண்ணி மட்டுமே. அட்டியிலிருக்கும் சிப்பம் லாரி ஏறி, சேமிப்பு மையத்துக்கோ கிடங்குக்கோ போக வேண்டும். அங்கிருந்து அரவை ஆலைக்குப் போக வேண்டும்; டெல்டாவில் விளையும் நெல்லை முழுவதும் டெல்டாவிலேயே அரைக்க முடியாது என்பதால் பெரும்பகுதி சரக்கு ரயிலில் வெளிமாவட்டங்களுக்குப் போகிறது. (சரக்கு ரயிலுக்காக நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்தவர்கள் இந்தக் கண்ணியைத் தங்கள் பங்குக்கு அறிவார்கள்.) செறிவூட்டல் விதி நடப்பில் இருக்கும்போது, அரைத்த அரிசியில் நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம், சத்துகள் சேர்த்துச் செறிவூட்டப்பட்ட அரிசி மணியைக் கலந்தாக வேண்டும். பிறகுதான் அது அரிசிக் கிடங்கு வழியாக ரேஷன் கடைக்கு வரும். கலப்பதற்கான மணி வரத் தாமதமானால் ஆலை மெதுவாகும். ஆலை மெதுவானால் கிடங்கில் நெல் குறையாது. கிடங்கில் இடமில்லாவிட்டால் போன லாரி சரக்கை இறக்காமல் வரிசையில் நிற்கும். லாரி திரும்பாவிட்டால் நிலையத்தில் அட்டி அப்படியே இருக்கும். அட்டி எடுக்காவிட்டால் அடுத்தவர் நெல்லை எடை போட்டு வைக்க இடமில்லை. கடைசியில் சாலையோரம் தார்ப்பாய்க்குள் நெல் முளைவிடுகிறது.

ஆகவே கொள்முதல் நிலையத்துக்கு நெல்லோடு வருபவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் விலையைப் பற்றியது அல்ல. விலைதான் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுவிடுகிறதே. “அண்ணே, இன்னைக்கி மூவ்மென்ட் இருக்கா?” என்பதே கேள்வி; அட்டியை ஏற்றிப்போக லாரி வருமா என்று பொருள். அலுவலகக் கடிதங்களில் அது ‘நெல் இயக்கம்’.

நெல் போகும் திசைக்கு எதிராக வரும் ஒரு பொருளையும் கவனிக்க வேண்டும்: சாக்கு. நாட்டின் சணல் ஆலைகளில் பெரும்பாலானவை மேற்கு வங்கத்தில் ஹூக்ளிக் கரையில் உள்ளன. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சாக்கு இல்லை என்று கொள்முதல் நிற்கும்போது, அதன் காரணத்தை வங்காளம்வரை தேடிப் போக வேண்டியிருக்கலாம். இத்தனையும் சேர்ந்ததுதான் சப்ளை செயின்.

இப்போது ‘விநியோகச் சங்கிலி’க்கு வருவோம். ‘விநியோகம்’ வடசொல், தமிழில் அது பங்கிட்டுக் கொடுத்தலையே குறித்துவருகிறது. கோயிலில் பிரசாத விநியோகம், ரேஷன் கடையில் அரிசி விநியோகம், துண்டறிக்கை விநியோகம் என்னும் இடங்களில் எல்லாம் பண்டம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. இனி அதைப் பிரித்துக் கொடுப்பது ஒன்றே வேலை. நெல்லின் பயணத்தில் அது கடைசிக் கட்டம். களம், ஈரப்பதம், சாக்கு, அட்டி, லாரி, அரவை ஆகிய எதுவும் ‘விநியோகம்’ என்ற சொல்லுக்குள் அடங்காது. கொள்முதலை விநியோகம் என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார். துறை துறையாகப் பிரிந்து கிடந்த பழைய பார்வையில் விநியோகம் ஒரு துறைக்கு மட்டும் உரிய பெயர். அந்தப் பார்வையைத் தாண்டுவதற்காகப் பிறந்த ஒரு சொல்லை அதே பெயரால் தமிழாக்குவது, கருத்தை அது புறப்பட்ட இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்துவதாகும். ‘விநியோகச் சங்கிலியில் பாதிப்பு’ என்ற தலைப்பைப் படிக்கிற ஒருவர் கடைக்குச் சரக்கு வரவில்லை என்று மட்டுமே புரிந்துகொள்கிறார்; களத்தில் நெல் நனைவதும் அதே பாதிப்புத்தான் என்று அவருக்குத் தோன்ற வழியில்லை.

‘அளிப்புத் தொடர்’ என்று எழுதுவோரும் உண்டு. ‘அளிப்பு’ பொருளியலில் ஒரு விலைக்கு விற்க முன்வரும் அளவைக் குறிக்கும் கலைச்சொல்லாக ஊன்றிவிட்டது. அதை அந்த வேலைக்கே விட்டுவிடுவது நல்லது.

எனக்குப் பொருத்தமாகப் படுவது ‘வழங்கல்’. வட்ட வழங்கல் அலுவலர், மாவட்ட வழங்கல் அலுவலர், குடிமைப்பொருள் வழங்கல் என்று நிர்வாகத் தமிழில் ‘சப்ளை’க்கு இது நெடுங்காலமாக நிற்கிறது. ரேஷன் அட்டையில் பெயர் திருத்தப் போனவர்கள் எல்லோரும் அறிந்த சொல். ‘வழங்கலும் கொடுத்தல்தானே, விநியோகத்திலிருந்து அது எப்படி வேறுபடும்?’ என்று கேட்கலாம். இன்றைய பேச்சில் வழங்குதல் பெரும்பாலும் கொடுத்தல் என்பது உண்மையே. ஆனால் அந்த வினைக்கு இயங்குதல், நடமாடுதல் என்பது பழம்பொருள். ‘வளிவழங்கும் மல்லன்மா ஞாலம்’ என்கிறது 245ஆம் குறள்; காற்று அங்கே எதையும் யாருக்கும் கொடுக்கவில்லை, உலவுகிறது. ஒரு சொல் மக்களிடையே வழங்குகிறது, ஒரு நாணயம் வழங்குகிறது என்னும்போதும் கைக்குக் கை நகர்ந்துகொண்டிருப்பதையே சொல்கிறோம். நகர்தலும் கொடுத்தலும் ஒரே வினையில் இருக்கின்றன. கொள்முதல் நிலையத்தில் ‘இயக்கம்’ என்றும், ரேஷன் கடையில் ‘விநியோகம்’ என்றும் பிரித்துச் சொல்லப்படும் இரண்டையும் ‘வழங்கல்’ ஒன்றே அடக்கிக்கொள்ளும்.

இரண்டாம் பகுதிக்குச் ‘சங்கிலி’ வைப்பதில் பெரிய குற்றமில்லை. வடமொழிச் ‘சிருங்கலா’வோடு தொடர்புடையதாகச் சொல்லப்பட்டாலும் அது தமிழாகி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ‘வழங்கல் சங்கிலி’ என்று எழுதுகிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆயினும் நான் ‘தொடர்’ என்றே எழுதுவேன். ‘தொடர்’ என்றால் தொலைக்காட்சித் தொடரும் கிரிக்கெட் தொடரும் அல்லவா நினைவுக்கு வரும், சங்கிலியின் பொருள் அதில் ஏது என்ற தடை எழுவது இயல்பு. அதற்கு விடை புறநானூற்றின் 74ஆம் பாட்டில் இருக்கிறது. சோழன் செங்கணானிடம் தோற்றுச் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, தன்னைத் ‘தொடர்ப்படு ஞமலி’க்கு, அதாவது சங்கிலியால் கட்டப்பட்ட நாய்க்கு ஒப்பிடுகிறான். அங்கே ‘தொடர்’ இரும்புச் சங்கிலியேதான். அவன் கிடந்தது குடவாயிற் கோட்டத்துச் சிறை. இன்றைய திருவாரூர் மாவட்டத்துக் குடவாசல்தான் அந்தக் குடவாயில் என்பர். தண்ணீர் கேட்டு, அது உடனே வராமல் பிறகு வந்தபோது, கையில் வாங்கியும் குடிக்காமல் அவன் உயிர்விட்டதாகப் பாட்டின் அடிக்குறிப்புக் கூறுகிறது. கேட்டது காலத்தில் வந்து சேராமைக்கு இதைவிடக் கொடிய சான்று டெல்டாவில் இல்லை.

‘தொடர்’ என்பதை ஏற்றால் துணைச்சொற்களும் எளிதில் அமைகின்றன. ‘லிங்க்’ என்பதற்குக் ‘கண்ணி’ இருக்கிறது. ‘இணைப்பு’ என்று பொதுவாகச் சொல்வதைவிட அது துல்லியம். பொருளுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் மதிப்பு எப்படிக் கூடுகிறது என்று பார்க்க மேலாண்மை அறிஞர் மைக்கேல் போர்ட்டர் 1985இல் முன்வைத்த ‘வேல்யூ செயின்’, ‘மதிப்புத் தொடர்’ ஆகும். இதை வழங்கல் தொடரோடு குழப்பக் கூடாது. நெல் எங்கே நிற்கிறது என்பது வழங்கல் தொடரின் கேள்வி. நெல் அவலாகவோ பொரியாகவோ மாறும்போது கூடும் காசு யாருக்குப் போகிறது என்பது மதிப்புத் தொடரின் கேள்வி.

இத்துறையில் அடிக்கடி வரும் ‘புல்விப் எஃபெக்ட்’ என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். வாங்குவோரின் தேவையில் ஏற்படும் சிறு மாற்றம், கடை, மொத்த வியாபாரி, ஆலை என்று மேலே போகப் போகப் பெருகுவதை இது குறிக்கும்; அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து ஜே ஃபாரஸ்டர் 1961லேயே விளக்கிய போக்கு இது. ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம், குழந்தைகளின் அணையாடைகளுக்கான தேவை சீராக இருந்தும், மேல்மட்டத்தில் ஆர்டர்கள் தாறுமாறாக ஏறி இறங்குவதைக் கவனித்தபோது இப்பெயர் பரவியது. கைப்பிடியின் சிறு அசைவு நுனியில் பெரும் வீச்சாவதால், ‘சாட்டைவீச்சு விளைவு’ என்பது பொருந்தும். சம்பாவுக்கு மேலுரம் இடும் நேரத்தில் யூரியா கிடைக்காது என்று டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பட்டும்: இரண்டு மூட்டை வேண்டியவர் நான்கு வாங்குவார்; அதைப் பார்க்கும் கடைக்காரர் இன்னும் கூட்டிக் கேட்பார்; மொத்த வியாபாரி அதற்கும் மேலே போவார். இல்லாத தட்டுப்பாடு இரண்டே வாரத்தில் உண்மையான தட்டுப்பாடாகிவிடும். பிறகு வந்து குவியும் மூட்டையை வாங்க ஆள் இருக்காது.

பண்டத்தைக் குளிரிலேயே வைத்துக் கொண்டுசேர்க்கும் ‘கோல்டு செயின்’ என்பதைக் ‘குளிர்தொடர்’ என்று ஒரே சொல்லாக எழுதலாம். நாகப்பட்டினத்துப் படகில் ஐஸ் பெட்டிக்குள் போடப்பட்ட மீன், துறைமுகத்திலும் லாரியிலும் வெளியூர்ச் சந்தையிலும் அதே குளிரில் இருந்தாக வேண்டும். நடுவில் ஒரு மணி நேரம் வெயிலில் கிடந்தால், பிறகு எவ்வளவு ஐஸ் போட்டாலும் போன தரம் திரும்பாது. மற்றத் தொடர்களில் அறுந்த கண்ணியைத் தாமதமாகவேனும் கோத்துவிடலாம். குளிர்தொடரில் அதற்கு வழியில்லை.