மின்சார ஒயரே இல்லாத ஹப் எப்படி வேலை செய்கிறது?

பழைய சாமான்கள் அடைந்து கிடந்த அறையைக் காலி செய்தபோது கிடைத்ததாக ஒரு பெட்டியைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தட்டையான, கனமான பெட்டி. முகப்பில் வரிசையாகப் பத்து வாய்கள். ‘டோக்கன் ரிங் ஹப்’ என்று யாரோ சொன்னார்களாம். ஆனால் மின்சாரம் கொடுக்க ஒயர் இல்லை, ஒரு விளக்குகூட இல்லை. “இது ஹப்தானா? வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?” என்கிறார்.

ஹப்தான், அதாவது பல கணினிகளின் கேபிள்கள் வந்து சேரும் பெட்டி. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் ஐபிஎம் 8228 போன்ற ஒன்றாக இருக்க வேண்டும். மின்சார ஒயர் எங்கும் தொலைந்துபோகவில்லை, அது முதலிலேயே கிடையாது. இந்தப் பெட்டியைப் பற்றிப் பேச எனக்கு இத்தனை ஆசை இருப்பதற்கே அதுதான் காரணம்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டோக்கன் ரிங் என்பது கணினிகளை ஒரு வளையமாகக் கோக்கும் முறை. ஐபிஎம் 1985-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. வேகம் முதலில் நொடிக்கு 4 மெகாபிட், பின்னர் 16. வளையத்தில் 24 பிட் நீளமுள்ள ஒரு டோக்கன் சுற்றிக்கொண்டே இருக்கும். அது கைக்கு வந்தவர்தான் பேசலாம், பேசி முடித்ததும் அடுத்தவருக்கு விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு கணினியும் ஒரு பக்கம் கேட்டதை மறுபக்கம் திருப்பிச் சொல்லும். எனவே நடுவில் ஒருவர் ஊமையானால் வளையமே நின்றுவிடும். சாயங்காலம் ஒருவர் கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்? அந்தக் கேள்விக்குப் பதிலாகச் செய்யப்பட்டதுதான் உங்கள் கையில் இருக்கும் பெட்டி.

பத்து வாய்களில் எட்டு, கணினிகளுக்கானவை. ஓரங்களில் இருக்கும் ரிங் இன், ரிங் அவுட் என்ற இரண்டும் அடுத்த ஹப்போடு சேர்ப்பதற்கு. வளையம் முழுவதும் பெட்டிக்குள்ளேயே ஓடுகிறது. ஒவ்வொரு கணினி வாய்க்குப் பின்னாலும் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இடம் மாறும் ஒரு குட்டி சுவிட்ச். ரிலே மூடிய நிலையில் வளையம் அந்த வாயைத் தாண்டி நேராகப் போய்விடும். திறந்தால் கேபிள் வழியாகக் கணினிவரை போய், அங்கிருந்து திரும்பி வந்து தொடரும்.

சரி, பெட்டிக்கு மின்சாரம் இல்லையே, ரிலேயைத் திறப்பது யார்?

கணினிதான். அதுவும் தனியாக ஒரு கம்பி போடாமல், தகவல் போகும் அதே கம்பிகளில்.

கேபிளுக்குள் நான்கு கம்பிகள்: அனுப்ப ஒரு ஜோடி, பெற ஒரு ஜோடி. ஒரு ஜோடியில் தகவல் என்பது இரண்டு கம்பிகளுக்கும் இடையே உள்ள மின்னழுத்த வித்தியாசம் மட்டுமே. ஒன்று மேலே போனால் மற்றது கீழே. எவ்வளவு உயரத்தில் நின்றபடி இப்படி ஏறி இறங்குகின்றன என்பது தகவலுக்குப் பொருட்டே இல்லை. படகில் நெட்டையாக ஒருவரும் குட்டையாக ஒருவரும் நிற்கிறார்கள் என்று வையுங்கள். ஆற்றில் வெள்ளம் ஏறினால் இருவரும் சேர்ந்து உயர்வார்கள், அவர்களுடைய உயர வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். கணினியில் உள்ள நெட்வொர்க் கார்டு செய்வது இதையேதான். அனுப்பும் ஜோடியின் இரண்டு கம்பிகளையும் சேர்த்து ஏறக்குறைய 5 வோல்ட் உயர்த்திவிடுகிறது. அந்த நேர்மின்னோட்டம் ஹப்புக்குப் போய், ரிலேயைத் திறந்துவிட்டு, பெறும் ஜோடி வழியாகத் திரும்பி வருகிறது. மில்லிஆம்பியர் கணக்கில்தான் இருக்கும், அவ்வளவு சின்ன ஓட்டம். தகவல் அதன்மேல் மிதந்தபடி போகிறது, ஒன்று இருப்பது மற்றதற்குத் தெரியாது. இதற்குப் பேய் மின்னோட்டம் என்று பெயர். துறையில் பேண்டம் என்பார்கள்.

இதில் ஓர் அழகு பாருங்கள். கணினியை அணைத்தால் 5 வோல்ட் போய்விடும், ரிலே மூடிக்கொள்ளும், வளையம் அந்த வாயைத் தாண்டி ஓடும். கேபிளை யாராவது உருவினாலும் அப்படியே. இன்னார் இறந்துவிட்டார் என்று யாரும் போய்ச் சொல்லத் தேவையில்லை. உயிரோடு இருக்கும்வரைதான் கதவு திறந்திருக்கும். இதைச் செய்ய ஹப்பில் மின்சாரமோ மூளையோ எதுவும் வேண்டியதில்லை.

டோக்கன் ரிங் ஆராய்ச்சியில் பெரும்பங்கு சுவிட்சர்லாந்தின் ரூஷ்லிக்கோனில் உள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் நடந்தது. 1986-லும் 1987-லும் அடுத்தடுத்து இயற்பியல் நோபல் பரிசுகளை ஈட்டித்தந்த அதே ஆய்வகம். டோக்கன் ரிங் கடைசியில் ஈதர்நெட் என்ற போட்டி நெட்வொர்க் முறையிடம் தோற்றது, ஈதர்நெட் மலிவாக இருந்தது ஒரு முக்கியக் காரணம். “தோற்ற தொழில்நுட்பத்துக்குச் செலவழித்த பணமெல்லாம் வீண்தானே?” என்று கேட்பவர்களோடு நான் ஒத்துப்போகவே மாட்டேன். இன்று கூரையில் தொங்கும் கேமராவுக்கு நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் போகிறதே, அதிலும் தகவல் ஜோடியின் இரு கம்பிகளையும் சேர்த்து உயர்த்தும் இதே முறை பயன்படுகிறது. மேடை மைக்குகளுக்கு 48 வோல்ட் போவதும் இப்படித்தான். தொலைபேசிக் காலத்திலிருந்து கைமாறி வரும் யோசனை இது. எந்த ஆராய்ச்சி எங்கே போய்ப் பயன்படும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் பணம் என்று கேட்கும் குழுக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இனி உங்கள் பெட்டிக்கு வருவோம். கேபிள் எதையும் செருகுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வண்டியில் குலுங்கி வந்தாலோ கீழே விழுந்தாலோ உள்ளே இருக்கும் ரிலே இடம் மாறி, திறந்த நிலையிலேயே நின்றுவிடலாம். அதற்காகவே ஹப்போடு கையடக்கமான ஒரு கருவி கொடுப்பார்கள். எட்டு வாய்களிலும் ஒவ்வொன்றாக அதைச் செருகி, சில நொடிகள் பிடித்திருந்தால் ரிலே மூடிய நிலைக்குத் திரும்பும். நிறையப் பேர் இந்தப் படியைத் தாண்டிவிடுவார்கள்.

தாண்டினால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் ஹப்பை ஓர் அலமாரியிலிருந்து இன்னோர் அலமாரிக்கு மாற்றியிருந்தார்கள். அதன்பிறகு ஏழாவது போர்ட், அதாவது ஏழாவது வாய், ‘ராசியில்லாத போர்ட்’ ஆகிவிட்டது. அதில் கேபிளைச் செருகினாலே எல்லாருடைய கணினியும் நின்றுவிடும், உருவினால் சரியாகிவிடும். சிவப்பு நாடா ஒட்டி, யாரும் தொடக்கூடாது என்று வைத்திருந்தார்கள். ராசியெல்லாம் ஒன்றும் இல்லை. ஏழாவது ரிலே திறந்த நிலையில் மாட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். காலியாக இருக்கும்போது மட்டும் ஏன் பிரச்சினை வரவில்லை? இந்த வகைக் கனெக்டரில் எதுவும் செருகாதபோது உள்ளே இருக்கும் தகடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, போகும் பாதையைத் திரும்பும் பாதையோடு தாமாகவே இணைத்துவிடும். கேபிளைச் செருகியதும் தகடுகள் விலகும். மறுமுனையில் இருந்த கணினியோ அணைந்து கிடந்தது, வந்த சிக்னலைத் திருப்பி அனுப்ப அங்கே ஆளில்லை. கருவியை ஏழாவதில் செருகி எடுத்தோம், நாடாவைக் கிழித்துப் போட்டோம். காரணம் தெரியாத இடத்தில் ராசி வந்து உட்கார்ந்துகொள்ள எத்தனை நாள் ஆகிறது? அங்கே ஒரே வாரம்தான் ஆகியிருந்தது.

அடுத்தது சோதனை. நன்றாக வேலை செய்கிறது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு கணினி, ஒரு கேபிள் போதும். அதை முதல் போர்ட்டில் செருகி இயக்குங்கள். ரிலே இன்னும் மூடியிருப்பதால் கார்டு அனுப்புவது ஹப்வரை போய் அதற்கே திரும்பி வரும். தன் குரல் பிசகில்லாமல் கேட்கிறதா என்று அது முதலில் பார்த்துக்கொள்ளும். கேபிள் சரியாக இருந்தால்தான் 5 வோல்ட்டை ஏற்றும். அப்போது காதை ஹப் அருகே வையுங்கள். ‘டக்’ என்று மெல்லிய ஒரு சத்தம், ரிலே திறக்கும் சத்தம். விளக்கே இல்லாத பெட்டிக்கு அந்தச் சத்தம்தான் விளக்கு.

ஒரே கணினி மட்டும் இருந்தாலும் வளையம் ஓடும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 4 மெகாபிட் வேகத்தில் ஒரு பிட் கேபிளில் ஏறக்குறைய 50 மீட்டர் இடம் பிடிக்கும். 24 பிட் டோக்கனுக்கு 1,200 மீட்டர் வேண்டும். உங்கள் மேஜைமேல் அவ்வளவு கேபிளுக்கு எங்கே போவது? அதனால் வளையத்தைக் கண்காணிக்கும் பொறுப்பில் இருக்கும் கணினி, தன் கார்டுக்குள்ளேயே 24 பிட் தங்க இடம் ஒதுக்கி டோக்கனைச் சுற்ற வைக்கிறது.

முதல் போர்ட் முடிந்ததா? அதே கணினியை, அதே கேபிளோடு, எட்டு போர்ட்டிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ‘டக்’ கேட்க வேண்டும், கணினி வளையத்தில் சேர வேண்டும். அப்புறம்தான் இரண்டாவது கணினி.

ஹப் இரண்டு இருந்தால் ஒன்றின் ரிங் அவுட்டை மற்றதன் ரிங் இன்னில் சேர்த்து, திரும்ப முதல் ஹப்பில் கொண்டுவந்து முடிக்க வேண்டும். அந்த இரண்டு கேபிள்களையும் ஒவ்வொன்றாக உருவிச் சோதித்துப் பாருங்கள். ஒன்றை உருவினாலும் தகடுகள் தொட்டுக்கொண்டு, மாற்றுப் பாதை வழியாக வளையம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் எச்சரிக்கிறேன்: ஒரு கேபிள் கழன்று கிடந்தால் சாதாரண நாளில் யாருக்கும் தெரியாது. இரண்டாவதும் கழன்ற அன்றுதான் வளையம் இரண்டாகப் பிரியும்.

கடைசியாக ஒன்று, வேகம். கார்டு தன் குரலைத் தானே கேட்டுச் சோதிக்கிறது என்றேன் அல்லவா? வளையம் 16-ல் ஓடும்போது, 4-ல் வைத்த ஒரு கார்டும் அந்தச் சோதனையில் தாராளமாகத் தேறிவிடும், ஏனென்றால் தன் வேகத்தில் பேசித் தன் வேகத்திலேயே கேட்கிறது. ‘டக்’ என்று ரிலே திறக்கும், அடுத்த கணம் மொத்த வளையமும் குழம்பிப்போகும். சரியான சிக்னல் கிடைக்காத கணினி, தனக்கு முந்தைய கணினியின் முகவரியைச் சொல்லி அபாய அறிவிப்பை அனுப்பத் தொடங்கும். குற்றம்சாட்டப்பட்ட கணினி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டால் 5 வோல்ட்டை எடுத்துவிட்டு வெளியே வந்து, தன் கேபிளைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆனால் 4-ல் இருக்கும் கார்டின் காதில் 16-ல் சொல்வது எங்கே விழும்? தன் வழியிலேயே முட்டிமோதி அது வெளியேறும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். எனவே இரண்டாவது கணினியைச் செருகுவதற்கு முன், இரண்டு கார்டுகளும் ஒரே வேகத்தில் வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஹப்புக்கு வேகம் என்று எதுவும் கிடையாது, அது உங்களை எச்சரிக்காது.