பழைய நேரம், புதிய நேரம், செவ்வாய்க் குற்றம்

என் மாமியின் மகளுக்கு இரண்டு சாதகக் குறிப்புகள் உள்ளன. ஒன்று சிங்க லக்கினம் என்கிறது, மற்றையது கன்னி லக்கினம் என்கிறது. இரண்டையும் எழுதியவர்கள் மட்டக்களப்பில் பெயருள்ள சாத்திரிமார்; இருவரும் கணக்கில் பிழை விட்டதாகச் சொல்ல முடியாது. பிள்ளை 1999ஆம் ஆண்டு ஆவணிக் கடைசியில், படுவான்கரைக் கிராமமொன்றில், வீட்டிலேயே மருத்துவிச்சியின் கையில் பிறந்தது. பிறந்த நேரம் காலை 6.40 என்று ஒரு கொப்பியின் பின்மட்டையில் மாமா எழுதி வைத்திருந்தார். அது பழைய நேரமா, புதிய நேரமா என்பதை மட்டும் எழுதவில்லை.

இன்றைய பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் புரியாது. 1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டின்போது, கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே இருந்த நாட்டின் கடிகாரத்தை அரசாங்கம் இன்னும் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் கடிகாரம் பழைய இடத்துக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஆகவே ஏறத்தாழப் பத்தாண்டுகள் மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரையில் புதிய நேரமும், மேற்கே புலிகளிடம் இருந்த படுவான்கரையில் பழைய நேரமும் ஓடின. மண்முனைத்துறையைக் கடந்து அக்கரைக்குப் போனவர் கைக்கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்ப வேண்டியிருந்தது.

அந்த அரை மணித்தியாலம் ஒரு சாதகத்தில் என்ன செய்யும்? பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற ஒரு நாள் எடுப்பதால், பன்னிரண்டு ராசிகளும் ஒரு நாளைக்குள் கீழ்வானில் ஒன்றன்பின் ஒன்றாக உதிக்கின்றன. பிறந்த கணத்தில் உதிக்கும் ராசியே லக்கினம். ஒரு ராசி உதித்து முடிய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் ஆகும். எனவே அரை மணித்தியாலப் பிழை என்பது ராசியொன்றின் காற்பங்கு. நேரம் மாறி எழுதப்பட்ட நான்கு பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்கு லக்கினமே மாறிவிடும் என்பது இதன் பொருள். ராசியை ஒன்பதாகப் பிரிக்கும் நவாம்சத்தில் ஒரு பங்கு உதிக்கப் பதின்மூன்று நிமிடங்கள் போதும் என்பதால், அங்கே லக்கினம் நால்வருக்குமே மாறும்.

மாமியின் மகள் பிறந்த நாளில் சூரியன் சிங்க ராசியின் கடைசிப் பாகத்தில் நின்றது. 6.40 என்பது புதிய நேரமானால், சூரியன் உதித்துக் கால் மணித்தியாலம்தான் ஆகியிருக்கும், லக்கினம் சிங்கம். பழைய நேரமானால், சிங்கம் முழுதாக உதித்து முடிந்து கன்னி தொடங்கியிருக்கும். அந்த மாதம் செவ்வாய் விருச்சிகத்தில் இருந்தது. சிங்கத்திலிருந்து எண்ணினால் அது நாலாம் வீடு, ஆகவே கல்யாணத்துக்கு ஆகாது எனப்படும் செவ்வாய்க் குற்றம். கன்னியிலிருந்து எண்ணினால் மூன்றாம் வீடு, ஆகவே சுத்த சாதகம். கல்யாணப் பேச்சு வந்தபோது மாமி மூன்றாவதாக ஒருவரிடம் போனார். அவர் இரண்டு குறிப்புகளையும் பார்த்துவிட்டு, "விருச்சிகம் செவ்வாய்க்குச் சொந்த வீடு அம்மா, குற்றம் நிவர்த்தி" என்று முடித்துவிட்டார்.

சோதிடத்தை ஐயத்தோடு ஆராய விரும்புபவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. அக்காலத்தில் இப்படி நேரம் குழம்பிப் பிறந்த பிள்ளைகள் இருகரையிலும் பலர். குறிப்பு உண்மையிலேயே வாழ்க்கையைக் காட்டுமானால், பிழையான நேரத்தில் எழுதப்பட்ட குறிப்புகள் பொருந்தாமற் போயிருக்க வேண்டும். இந்தத் தலைமுறையின் சாதகங்கள் மட்டும் ஏன் பலிக்கவில்லை என்ற கேள்வி சாத்திரிமாருக்குள்ளேயே எழுந்திருக்க வேண்டும். அப்படி ஒரு முணுமுணுப்பைக்கூட நான் கேட்டதில்லை. எப்போதாவது பொருந்தாவிட்டால், நடந்து முடிந்த சம்பவங்களைக் கேட்டறிந்து அவற்றுக்கேற்பப் பிறந்த நேரத்தைத் திருத்தும் வழக்கமும் உண்டு. சட்டைக்கேற்ப உடம்பின் அளவைத் திருத்தி எழுதிய பிறகு, தையல்காரர் கெட்டிக்காரரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆனால் பஞ்சாங்கத்தை முழுவதும் தூக்கி எறிந்து பேசுவது நியாயமாகாது. 2019 டிசம்பர் 26 அன்று திருகோணமலையில் கங்கணமாகத் தெரிந்த சூரிய கிரகணத்தைப் பஞ்சாங்கம் முன்கூட்டியே சொன்னது, அது சொன்னபடியே வந்தது. ராகுவும் கேதுவும் பாம்புகள் அல்ல. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரு புள்ளிகள். அவை 18.6 ஆண்டுகளில் ஒருமுறை பின்னோக்கிச் சுற்றிவருவதைக் கணக்கில் வைத்துக் கிரகண நாட்களைக் கண்டறிந்த நம் முன்னோரின் வேலை முதல்தரமான வானியல். பழைய வாய்பாடுகளால் கணிக்கும் வாக்கிய பஞ்சாங்கமும் இன்றைய வானியல் அளவீடுகளால் கணிக்கும் திருக்கணித பஞ்சாங்கமும் சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தில் முரண்படும்போது எது சரி என்று வானத்தைப் பார்த்துத் தீர்க்க முடியும். அளவிடக்கூடிய ஒன்றைப் பற்றியே அந்தச் சண்டை. சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. செவ்வாய் எங்கே நிற்கிறது என்ற கணக்குச் சரியாக இருப்பதால், அது யாருடைய கல்யாணத்தைக் குழப்பும் என்ற பலனும் சரியாகிவிடாது. கிரகணம் தேடித்தந்த நம்பிக்கையைப் பலன் பகுதி கடனாக வாங்கி நெடுங்காலமாய்ச் செலவழித்து வருகிறது.

செவ்வாயின் ஈர்ப்புவிசை குழந்தையைப் பாதிக்காதா என்று சிலர் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், செவ்வாய் பூமிக்கு மிக அருகில், ஏறத்தாழ ஐந்தரைக் கோடி கிலோமீற்றரில் வரும்போதுகூட, ஓரடி தூரத்தில் குனிந்து நிற்கும் அறுபது கிலோ எடையுள்ள மருத்துவிச்சியின் ஈர்ப்பு அதைவிடச் சுமார் மூன்று மடங்கு அதிகம். இதை நான் பெரிய வாதமாக எடுப்பதில்லை. எந்த விசை என்று தெரியாவிட்டாலும் பலன் உண்மையாகவே நடந்தால் அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆகவே பலனையே சோதிக்க வேண்டும்.

கேரளத்தில் பிறந்து, கொழும்பில் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூர் 1963இல் ஓர் இலட்சம் ரூபா சவால் விட்டார். பிறந்த நேரமும் இடமும் துல்லியமாகக் குறித்த சாதகங்களைக் கொடுப்பார். அவற்றில் ஆணுடையது எது, பெண்ணுடையது எது, உயிரோடிருப்பவர் யார், இறந்தவர் யார் என்று சொன்னால் போதும். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை எவரும் வெல்லவில்லை. அமெரிக்காவில் இயற்பியலாளர் ஷோன் கார்ல்சன் 28 சோதிடர்களிடம் சாதகங்களையும், ஒவ்வொரு சாதகத்துக்கும் மூன்று ஆளுமை அறிக்கைகளையும் கொடுத்து உரியதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். பாதிக்காவது சரியாக வரும் என்று அவர்கள் நம்பினார்கள். வந்தது மூன்றில் ஒன்று, அதாவது கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் வரும் அளவு. 1985இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் இது வெளிவந்தது.

கார்ல்சன் சோதித்தது மேற்கத்தைய சோதிடம், நம்முடையது வேறு என்பார்கள். அதற்கும் விடை உண்டு. வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிக்கரும் அவருடைய குழுவினரும் 2008இல் மகாராட்டிரத்தில் நூறு கெட்டிக்கார மாணவர்களின் சாதகங்களையும், மனவளர்ச்சி குன்றிய நூறு பிள்ளைகளின் சாதகங்களையும் கலந்து, எது எவருடையது என்ற விவரத்தை மறைத்து வைத்தார்கள். சோதிடர் ஒவ்வொருவருக்கும் நாற்பது சாதகங்கள் அனுப்பப்பட்டன. புத்திக்கூர்மை சாதகத்தில் தெரியும் என்பது சோதிடர்களே சொல்வது. எனவே கேள்வி அவர்களுக்கு அந்நியமானதல்ல. விடை அனுப்பிய 27 பேரின் மொத்த வெற்றி 46 சதவீதம். ஒரு சோதிட நிறுவனம் இருநூறையும் எடுத்துப் பார்த்து 102ஐச் சரியாகச் சொன்னது. காசைச் சுண்டினாலும் ஏறத்தாழ நூறு சரியாக வரும்.

அப்படியென்றால் சாத்திரியார் சொல்வது நமக்கு மட்டும் ஏன் அச்சொட்டாகப் பொருந்துகிறது? 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர் 39 பேருக்கும் தனித்தனியே ஆராய்ந்து எழுதியதாகச் சொல்லி ஆளுமைக் குறிப்பொன்றைக் கொடுத்து, ஐந்துக்குப் புள்ளியிடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோரிடமும் இருந்தது ஒரே குறிப்பு. வசனங்களில் பெரும்பாலானவை கடையில் விற்கும் சோதிடப் புத்தகமொன்றிலிருந்து எடுத்தவை. நம் ஊர் வசனங்களையும் எண்ணிப் பாருங்கள்: வெளியே சிரித்தாலும் உள்ளுக்குள் யோசனை, கையில் காசு தங்காது, உறவுக்குச் செய்த உதவிக்கு நன்றியில்லை. இதில் எது பொருந்தாத ஆளை மட்டக்களப்பில் தேடிப் பிடிப்பது?

செவ்வாய்க் குற்றம் இன்னொரு வகையில் வேலை செய்கிறது. லக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் செவ்வாய் நின்றால் குற்றம் என்றால், பன்னிரண்டில் ஐந்து வாய்ப்பு. நூறு பேரில் ஏறத்தாழ 42 பேர் அகப்படுவர். சந்திரனிலிருந்தும் எண்ண வேண்டும் என்றால் 66 பேர். சுக்கிரனிலிருந்தும் எண்ணினால் ஏறத்தாழ 80 பேர். ஊரில் ஐந்தில் நால்வருக்கு இருக்கும் ஒன்றைக் குற்றம் என்று சொல்லிக் குமர்ப்பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்க முடியாது; ஆகவே சொந்த வீடு, உச்ச வீடு, குரு பார்வை என்று நிவர்த்திகள் வருகின்றன. சம்பந்தம் பிடிக்காதவருக்குக் குற்றமும் பிடித்தவருக்கு நிவர்த்தியும் எப்போதும் கைவசம் இருக்கும். இந்த வசதியால்தான் இது இத்தனை காலம் நிலைத்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

மாமியின் மகளுக்குப் போன ஆண்டு கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்தது கன்னி லக்கினக் குறிப்பு. மற்றையதைப் பெயரை மறைத்து வேறொரு சாத்திரியாரிடம் காட்டி, இந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்போமா என்றேன். "உனக்கு வேற வேலை இல்லையா மகன்" என்று சொல்லி, அதை மடித்து என் கையில் தந்துவிட்டு மாமி அடுப்படிக்குப் போய்விட்டார்.