மண்ணில் சுழலும் சில்லும் ஸ்போர்ட்ஸ் காரின் பின் அச்சும்

லண்டனில் இருந்து விடுமுறைக்கு வந்த அக்காவின் மகன், வாடகை வானை நிலாவெளிக் கடற்கரை மணலுக்குள் இறக்கிவிட்டான். ஒரு பின்சில்லு மண்ணை வாரி இறைத்தபடி சுழல்கிறது, கெட்டித் தரையில் நிற்கும் மற்றச் சில்லு அசையவே இல்லை. நாலு பேர் சேர்ந்து தள்ளித்தான் வெளியே எடுத்தோம். அன்றிரவு சாப்பிடும்போது கேட்டான்: "மாமா, அங்க ஒரு டொயோட்டா ஜிஆர்86 ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாம் எண்டு பாக்கிறன். காரில பைத்தியமா இருக்கிற கூட்டாளிமார் எல்லாரும் எல்எஸ்டி இருக்கோ எண்டுதான் முதல் கேக்கினம். அது என்ன சாமான்?"

எல்எஸ்டி என்றால் 'லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்சியல்', ஒரு சில்லு மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் சாமான். அவனுக்கு விடை பின்னேரம் மணலுக்குள்ளேயே கிடைத்திருந்தது, கவனிக்கவில்லை.

கார் வளைவில் திரும்பும்போது வெளிச்சில்லு கூடத் தூரம் ஓட வேண்டும் என்பது தெரிந்ததுதான். எவ்வளவு கூட? இரு சில்லுகளுக்கும் இடைவெளி 1.5 மீற்றர் என்றால், ஒரு செங்கோணத் திருப்பத்தில் சுமார் 2.36 மீற்றர். சந்து முனையில் திரும்பினாலும் சரி, பெரிய வளைவில் ஆறுதலாகத் திரும்பினாலும் சரி, அதே 2.36தான், கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு சில்லையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒன்று ரோட்டில் இழுபட்டுத்தான் ஆக வேண்டும். அதற்காக வந்ததுதான் டிஃபரன்சியல், இரண்டு சில்லையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சில்லுத் தொகுதி. 1820களில் பிரான்ஸில் பெக்கேர் என்ற கடிகாரக்காரர் உருவாக்கியது, இன்று நம் ஊர் ஓட்டோவிலும் இருக்கிறது.

அதற்குள் நடப்பதை விளங்க கிணற்றடிக்கு வாருங்கள். ஒரு கப்பியில் கயிறு போட்டு, இரு முனைகளையும் இரண்டு பொடியன்களிடம் கொடுத்துவிட்டு, கப்பியை நீங்கள் உங்கள் பக்கம் இழுக்கிறீர்கள். ஒருவன் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் மற்றவன் பக்கம் கயிறு அந்தளவு ஓடும், ஆனால் இருவர் கையிலும் இழுவிசை எப்போதும் சமம். வளைவுக்கு அருமையான ஏற்பாடு. இப்போது ஒருவன் கயிற்றை விட்டுவிடட்டும், கயிறு சும்மா உருவிக்கொண்டு வரும், மற்றவனை உங்களால் இம்மியும் அசைக்க முடியாது. டிஃபரன்சியலின் நடுவில் இருக்கும் சிறு பற்சில்லுதான் அந்தக் கப்பி, மணலில் நின்ற சில்லுதான் கயிற்றை விட்ட பொடியன். எஞ்சினில் எத்தனை குதிரைவலு இருந்தும் பிரயோசனமில்லை.

வேகமாக வளைவெடுக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே கதிதான். பாரம் வெளிப்பக்கம் சாய, உட்சில்லு லேசாகி, ஆக்சிலேற்றரை மிதித்ததும் வீணாகச் சுழலும்.

மருந்து? கப்பியைக் கொஞ்சம் துருப்பிடிக்க விடுவது! பகிடி இல்லை, எல்எஸ்டி என்பது அடிப்படையில் அதுதான். தட்டுகளை அழுத்தி உராய்வு உண்டாக்குவது ஒரு வகை. எனக்குப் பிடித்தது டோர்சன், 1958இல் அமெரிக்கரான வேர்னன் கிளீஸ்மன் காப்புரிமை பெற்றது, ஜிஆர்86இல் வருவதும் இந்த இனம்தான். இதில் பற்கள் சரிவாக வெட்டப்பட்டிருக்கும். முறுக்குவிசை ஏற ஏற, அந்தச் சரிவே பற்சில்லுகளைப் பக்கவாட்டில் கூட்டுடன் நெரிக்கும், உராய்வும் அதே அளவில் ஏறும். மெதுவாகப் போகும்போது எண்ணெய் போட்ட கப்பி, மிதித்தால் துருப்பிடித்த கப்பி. கணினி இல்லை, சென்சர் இல்லை, பல்லின் சரிவுக்கே புத்தி இருக்கிறது. பிடி குறைந்த சில்லு தாங்குவதைப் போல இரண்டு மூன்று மடங்கு மற்றதற்குப் போகும், வெளிச்சில்லு தள்ளுவதால் காரின் மூக்கும் வளைவுக்குள் திரும்பும். ஆனால் சில்லு அந்தரத்தில் நின்றால் பூச்சியத்தின் மூன்று மடங்கும் பூச்சியமே. அந்நேரம் பிறேக்கை மெல்லத் தொட்டால், கயிற்றை விட்டவன் திரும்பப் பிடித்த மாதிரி.

பழைய ஓட்டோ டிஃபரன்சியல் ஒன்றை வெட்டிப் பாடசாலை ஆய்வுகூடத்தில் வைத்தால் இதைப் பிள்ளைகள் கையாலேயே சுற்றிப் பார்ப்பார்கள். ஆனால் பாடசாலைக் காசு கணினித் திரை வாங்கத்தான் போகிறது. புது வாகனத்துக்குக் கோயிலில் எலுமிச்சம்பழம் நசிப்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை, நாலு சில்லுக்கும் வைப்பதால் இரு பக்கமும் சமமாக வழுக்கும், அதுவரை சந்தோசம்.

சரி, ஜிஆர்86 வாங்கலாமா? மற்ற ஸ்போர்ட்ஸ் கார்களோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 460க்குக் குறையாத குதிரைவலு கொண்ட பிஎம்டபிள்யூ எம்2 கணினி கட்டுப்படுத்தும் எல்எஸ்டியோடு வருகிறது, ஆனால் 1,700 கிலோவுக்கு மேல். அல்பைன் ஏ110இல் பொறிமுறை எல்எஸ்டியே கிடையாது, சுழலும் சில்லைப் பிறேக் பிடித்துச் சமாளிக்கிறது. இருந்தும் 1,100 கிலோ அளவுதான் என்பதால் ஓட்டுபவர்கள் கொண்டாடுகிறார்கள். ஜிஆர்86 சுமார் 1,300 கிலோ, 235 குதிரைவலு, விலையும் இவற்றைவிடக் குறைவு. என் வாக்கு அதற்குத்தான். இங்கே கொண்டுவராதே என்றும் சொன்னேன், திருகோணமலைக் கோட்டைக்குள் மான், ஹபரணை வீதியில் யானை, மிச்ச இடமெல்லாம் மாடு.

லண்டனில் இப்போது பழைய காராகத்தான் கிடைக்கும், அதற்கு ஒரு சோதனை. கியரில் போட்டு, ஹேண்ட்பிறேக்கை விட்டு, முன்சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் முழுவதையும் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி ஒரு சில்லைக் கையால் சுற்றுங்கள். சாதாரண டிஃபரன்சியல் என்றால் மற்றது எதிர்ப்பக்கம் லேசாகச் சுற்றும், தட்டு வகை எல்எஸ்டி என்றால் சுற்றவே கை நோகும். டோர்சன் மட்டும் இந்தச் சோதனையில் ஏமாற்றும், மிதிக்காமல் அது இறுகாதே.