ஸ்டைலஸ்: எழுத்தாணியா, முள்ளா?

ரெக்கார்டு பிளேயரில் இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடி ஒலியைப் படிக்கும் சிறு முனைக்கு ஸ்டைலஸ் என்று பெயர். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஸ்டைலஸ் லத்தீனில் 'ஸ்டிலுஸ்'. மெழுகு பூசிய பலகையில் ரோமானியர் எழுதிய கூர்முனைக் கோல் அது. தூணைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு குழப்பிக்கொண்டதால் ஆங்கிலத்தில் அதன் எழுத்துக்கூட்டல் மாறிப்போனது. ஒருவருடைய எழுத்து நடையைச் சொல்லும் 'ஸ்டைல்' என்பதற்கும் இதுவே வேர்.

நேர்த் தமிழ் தேடினால் எழுத்தாணிதான் முதலில் கைக்கு வரும். ஓலையைக் கீறி, கீறலில் மை தடவிப் படித்தவர்கள் நாம். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகைக்கொரு பெயர்கூட வைத்திருந்தோம். ஆனாலும் ரெக்கார்டு பிளேயரில் இருப்பதை எழுத்தாணி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுத்தாணி எழுதுவது, பிளேயரில் இருப்பதோ எழுதியதைப் படிப்பது. ஒலிப்பதிவின்போது லாக்கர் தட்டில், அதாவது அரக்குப் பூச்சுள்ள மூலத்தட்டில், வரிப்பள்ளம் வெட்டுகிற முனைக்கு வேண்டுமானால் அந்தப் பெயரைக் கொடுக்கலாம். கேட்கும் முனைக்கு கிராமபோன் காலத்திலேயே வீடுகளில் 'முள்' என்று பெயர் வைத்தாகிவிட்டது. ஊசி என்பவர்களும் உண்டு. கடிகாரத்திலும் தராசிலும் பழகிய சொல் என்பதால் என் வாக்கு முள்ளுக்கே.

ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: இந்த முள் கூரானதல்ல. உருப்பெருக்கியில் பார்த்தால் வைர நுனி உருண்டு மழமழவென்றிருக்கும். கூராக இருந்தால் பள்ளத்தையே சீவிவிடும். உருண்டை முனையின் ஆரம் ஸ்டீரியோ தட்டுக்குச் சுமார் 18 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). நீள்வட்ட முனையில் பள்ளத்தின் சுவரைத் தொடும் ஓரம் சுமார் 8 மைக்ரானாகக் குறுகும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்தில், தட்டின் விளிம்பில் முள்ளுக்கடியில் நொடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ. பள்ளம் ஓடும், நடுவை நெருங்கும்போது அது 20 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். அலைகள் நெருங்கிக் கிடக்கும் அந்த இடத்தில் உருண்டை முனை நுணுக்கத்தைத் தவறவிடும். கடைசிப் பாட்டில் 'ஸ', 'ச' ஒலிகள் சீறும். நீள்வட்ட முனை அங்கே நன்றாகவே ஈடுகொடுக்கும். ஜப்பானின் ஜேவிசி நிறுவனத்தில் நான்கு தட ஒலிக்காக 1970களில் உருவான ஷிபாட்டா முனை இன்னும் நுட்பமானது. விலை அதிகம், கோணம் பிசகாமல் பொருத்தவும் வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நீள்வட்டமே போதும் என்பேன்.

முள்ளைத் தாங்கும் சிறு கூட்டுக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். அந்தச் சொல்லின் வேர் தாள். தாளைக் குறிக்கும் 'கார்ட்டா'வில் பிறந்து, வெடிமருந்தைச் சுருட்டி வைத்த தாளுக்குப் பெயராகி, பிறகு கழற்றி மாட்டும் சிறு கூடுகள் பலவற்றுக்கும் பரவிய சொல். 'தோட்டா' என்றால் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும், 'முள்கூடு' பொருந்தும். முள்ளின் அதிர்வை மின்னலையாக மாற்றுவது இந்தக் கூடுதான். காந்தம் அசையும் வகையில் பெரும்பாலும் முள்ளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சுருள் அசையும் வகையில் முள்ளை மாற்ற அநேகமாகக் கூட்டையே தயாரிப்பாளருக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

தாத்தாவின் 78 தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டு) ஒன்றை, 33⅓ வேக எல்பி தட்டுக்கான முள்ளிலேயே ஒருமுறை ஓட்டினேன். நாகசுரத்துக்கு மேல் மழை கொட்டுவதுபோல் இரைச்சல். தட்டு கெட்டுவிட்டது என்றே எண்ணி வருந்தினேன். 78இன் பள்ளம் அகலமானது. என் முள் சுவரைத் தொடாமல் அடியில் கிடந்த அழுக்கில் உரசிக்கொண்டிருந்திருக்கிறது. சுமார் 75 மைக்ரான் முள்ளை மாற்றிவிட்டு மறுபடி வைத்தேன். மழை தூறலாக அடங்கி, சீவாளியில் மூச்சு ஏறுவதுகூடக் கேட்டது.