கோரோப்ளெத் படம்: சொல்லும் பொருளும் தமிழ்ப் பெயரும்

மாவட்டம், வட்டம் போன்ற ஆட்சிப் பகுதிகளை வெளிர்நிறம் முதல் அடர்நிறம் வரை படிப்படியாகத் தீட்டி, மக்களடர்த்தியையோ எழுத்தறிவையோ காட்டும் படத்தை மானிடப் புவியியலில் கோரோப்ளெத் படம் என்பர். இதைக் 'குளோரோப்ளெத்' என்று எழுதுவோர் உண்டு, அது பிழை. குளோரோஃபில் என்பதில் உள்ள, பசுமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. முற்பகுதி நிலப்பகுதியைக் குறிக்கும் 'கோரா'. பிற்பகுதி திரளைக் குறிக்கும் 'ப்ளேதோஸ்'. இவற்றை இணைத்து 1938இல் இப்பெயரை வழங்கியவர் அமெரிக்கப் புவியியலாளர் ஜான் கிர்ட்லாண்ட் ரைட்.

படமோ பெயருக்கு நூறாண்டுக்கும் மேல் மூத்தது. 1826இல் பிரான்சின் சார்ல் துபேன், பள்ளி செல்லும் ஒவ்வோர் ஆண்பிள்ளைக்கும் எத்தனை மக்கள் என்று மாவட்டந்தோறும் கணக்கிட்டு, கல்வி குறைந்த பகுதிகளைக் கருமையாகவும் மிகுந்தவற்றை வெளிறியும் காட்டினார். அவர் தலைக்கணக்கைத் தீட்டாமல் வீதத்தைத் தீட்டியதே இம்முறையின் உயிர்நாடி.

ஏன் வீதம் வேண்டும்? 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 46 இலட்சம். அன்றைய விழுப்புரம் மாவட்டத்தினுடையது ஏறத்தாழ 35 இலட்சம். இத்தொகைகளை அப்படியே தீட்டினால் இரண்டும் அடுத்தடுத்த நிறங்களைப் பெறும்; பரப்பில் பெரிய விழுப்புரமே கண்ணை நிறைக்கும். ஆனால் அன்று சென்னையின் பரப்பு 175 சதுர கிலோமீட்டர், விழுப்புரத்தினுடையது ஏறத்தாழ 7,200. சதுர கிலோமீட்டருக்குச் சென்னையில் 26,000க்கும் மேற்பட்டோர் வாழ, விழுப்புரத்தில் 500 பேர்கூட இருக்கவில்லை. மொத்தத் தொகையைக் காட்ட விரும்புவோர் புள்ளிப் படத்தையோ, அளவுக்கேற்பப் பெருகும் வட்டங்களையோ நாடுவதே முறை.

தமிழில் இதற்கு நிழலை அடியாகக் கொண்ட பெயர்களை என்னால் ஏற்க இயலவில்லை. நிழற்படம் என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது புகைப்படம். மேலும், நிழலிடுதல் வரையும் உத்தியே தவிரப் படத்தின் கருத்தன்று. 'செறிவுப் படம்' அழகியதே எனினும் எழுத்தறிவுக்குப் பொருந்தாது. ஆகவே 'பகுதிவீதப் படம்' என்பதைப் பரிந்துரைக்கிறேன். 'ப்ளேதோஸ்' என்பதன் நேர்பொருள் வீதம் அன்று; திரளை எவ்வாறு காட்டவேண்டும் என்பதை உணர்த்தவே அதைத் தேர்ந்தேன்.

'பகுதி' என்னும் முன்னொட்டும் வீணன்று. கோவை மாநகரும், காடும் தேயிலைத் தோட்டமும் சூழ்ந்த வால்பாறையும் ஒரே மாவட்டம் என்பதால் இப்படத்தில் ஒரே நிறமே பெறும். நிறம் பகுதி முழுவதற்குமான சராசரி, அதிலுள்ள ஓர் ஊருக்கு உரியதன்று. இக்குறையைக் களையவே 1936இல் ரைட், அமெரிக்காவின் கேப் காட் தீபகற்பத்தில் குடியிருப்பற்ற நிலத்தை ஒதுக்கிவிட்டு எஞ்சிய பரப்புக்கு அடர்த்தியைக் கணக்கிட்டார். அவ்வாறு வரைந்த படம் டாசிமெட்ரிக் என்னும் வேறு வகையைச் சேரும்.