ஒரு வாய் தயிர்சாதமும் நாய்க்குட்டியின் கணக்கும்

எங்கள் வீட்டுக்குச் சிப்பிப்பாறைக் குட்டி வந்தபோது அதற்கு எட்டு வாரம். சாப்பாட்டு மேசையில் நாம் இருக்கும்போது அதற்கு எதுவும் தரக்கூடாது என்று முதல் நாளே எல்லோரும் பேசி முடித்தோம். மூன்று வாரமாகியும் அது எங்கள் காலடியை விட்டு நகரவில்லை. முழங்காலில் முன்னங்காலை வைத்துக்கொண்டு ஒரே முனகல். பிடிவாதக்காரக் குட்டி என்று முடிவு கட்டிவிட்டோம். ஒருநாள் ராத்திரி கீழே விழுந்த ஸ்பூனை எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். சேலைத் தலைப்பு மறைவில் பாட்டியின் இடது கை ஒரு வாய் தயிர்சாதத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

"தினமும் இல்லப்பா. எப்பவாவதுதான். பாவம், மூஞ்சியவே பார்த்துக்கிட்டு இருக்கு."

அந்த 'எப்பவாவது'தான் சிக்கலின் வேர். தினமும் கொடுத்திருந்தால்கூட இந்தப் பழக்கத்தை இதைவிடச் சுலபமாக நிறுத்தியிருக்கலாம்.

1930களின் தொடக்கத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வாளர் பி.எஃப். ஸ்கின்னர் எலிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். எலி நெம்புகோலை அழுத்தினால் ஓர் உணவு உருண்டை விழும். அந்த உருண்டைகளை அவரே உட்கார்ந்து செய்ய வேண்டும். ஒரு சனிக்கிழமை மதியம் கையிருப்பைக் கணக்குப் பார்த்தார். திங்கட்கிழமை காலைக்குள் தீர்ந்துவிடும்போல் இருந்தது. சிக்கனத்துக்காக, ஒவ்வோர் அழுத்தலுக்கும் தராமல் நிமிடத்துக்கு ஒன்று மட்டும் கிடைக்கும்படி மாற்றினார். எலிகள் சலித்துப்போகவில்லை, சீராக அழுத்திக்கொண்டே இருந்தன. பிற்பாடு அவரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் புறாக்களை வைத்து விரிவாகச் செய்த சோதனைகள் 1957இல் நூலாக வந்தன. எத்தனையாவது முயற்சிக்குப் பலன் வரும் என்று தெரியாதபோதுதான் புறா பொத்தானை ஓயாமல் கொத்தியது. பலன் அடியோடு நின்ற பிறகும் நெடுநேரம் விடவில்லை.

காரணம் யோசித்தால் புரியும். நித்தமும் கிடைத்தது ஒருநாள் நின்றுபோனால் உடனே உறைக்கும். எப்போதாவது கிடைப்பது நின்றால், நிஜமாகவே நின்றுவிட்டதா, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் வருமா என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. குட்டியின் பக்கத்திலிருந்து பார்த்தால் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் சரியான கணக்கு. அதைப் பிடிவாதம் என்று நாங்கள் திட்டியது அநியாயம்.

பாட்டி நிறுத்தியதும் முதல் மூன்று நாள் நிலைமை இன்னும் மோசமானது. முனகல் குரைப்பானது. சேலையைக் கவ்வி இழுத்தது. அணையப்போகிற விளக்கு நிமிர்ந்து எரிவதுபோல, பலன் நின்ற பழக்கமும் ஓய்வதற்கு முன் ஒருமுறை சீறும். பெரும்பாலான வீடுகள் தோற்பது இந்த இடத்தில்தான். அப்போது மனமிரங்கி ஒரு வாய் கொடுத்தால், முனகினால் போதாது, குரைக்க வேண்டும் என்று நாமே கற்றுக்கொடுத்தது ஆகிவிடும். பாட்டி பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார். (தயிர்சாதமாவது பரவாயில்லை. சாம்பாரில் கிடக்கும் வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கக்கூடியது. அதைத் தரவே கூடாது.)

சொல்லிலும் இதே குழப்பம் உண்டு. சோபாவில் ஏறினால் நான் 'இறங்கு' என்பேன், தம்பி 'நோ' என்பான், அம்மா 'சீ, போ' என்பார். குட்டிக்கு இவை மூன்றும் வெவ்வேறு சத்தங்கள். 2016இல் புடாபெஸ்டில் 13 நாய்களை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, மூளையைப் படம் பிடித்தார்கள். பாராட்டும் சொல், பாராட்டும் குரல் இரண்டும் சேர்ந்து வந்தபோதுதான் மூளையில் மகிழ்ச்சிக்கான பகுதி நன்றாக விழித்தது. ஆகவே வீட்டில் எல்லோருக்கும் ஒரே சொல், அதற்கேற்ற குரல்.

அடுத்தது ஆய் போகும் விவகாரம். இரைப்பையில் உணவு இறங்கியதும் பெருங்குடல் சுருங்கத் தொடங்கும்; இது உடலின் அனிச்சைச் செயல். அதனால்தான் சாப்பிட்ட அரை மணிக்குள் குட்டி தரையை முகர்ந்து வட்டமடிக்கிறது. தூங்கி எழுந்ததும், விளையாடி முடிந்ததும் சிறுநீர் வரும். சாப்பாட்டு நேரம் மாறாமல் இருந்தால் இதெல்லாம் கடிகாரம்போல் முன்கூட்டியே தெரியும். அந்த நேரத்தில் அதே மூலைக்குத் தூக்கிப் போய், போய் முடித்த கையோடு பாராட்ட வேண்டும். நேரம் தாண்டத் தாண்ட, செயலையும் பலனையும் சேர்த்து முடிச்சுப்போடுவது அதற்குக் கடினமாகிவிடும். ஹாலில் போய்விட்டால் பினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும், அதன் மூக்கை அல்ல. சிறுநீரைச் சிதைக்கும் என்சைம் கலந்த திரவத்தால் துடைத்தால்தான் மறுபடி அதே இடத்தைத் தேடி வராது.

எப்போதோ போனதற்கு இப்போது அதட்டுவதில் பயனே இல்லை. "தப்பு செஞ்சோம்னு தெரிஞ்சுதானே தலையத் தொங்கப் போடுது" என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதை 2009இல் சோதித்தார். தப்பே செய்யாத நாயையும் உரிமையாளர் அதட்டினால் அதே முகம் வந்தது. நாம் குற்ற உணர்ச்சி என்று படிப்பது, நம் கோபத்தைக் கண்ட அதன் பயத்தை.

தயிர்சாதம் இப்போதும் உண்டு. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, கொல்லைப்புறத்தில், அதன் சொந்தத் தட்டில். குட்டி பின்னங்காலை மடக்கி உட்காரும்வரை பாட்டி கையைத் தாழ்த்துவதில்லை.