எலும்புக் குழலுக்குள் ராடு: கணைக்கால் முறிவைச் சேர்க்கும் முறை

பைக்கில் விழுந்து கால் உடைந்தவரைப் பார்க்கப் போனால் "உள்ளே ராடு வெச்சிருக்காங்க" என்பார்கள். அந்த ராடு எலும்பின் மேல் பொருத்தப்படுவதில்லை. மஜ்ஜை இருக்கும் நடுக்குழலுக்குள், முழங்காலுக்குச் சற்றுக் கீழிருந்து கணுக்காலுக்குச் சற்று மேல்வரை ஓடுகிறது. உடல் எடையும் அதே வழியாகத்தான் இறங்குகிறது. அதனால் பக்கத்தில் வைத்த பிளேட்டைவிட ராடு வளைவைத் தாங்கும்.

1939இல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் தொடையெலும்பில் இப்படி ஆணி அடித்தபோது திருகுகள் கிடையாது. குழலின் இறுக்கம்தான் பிடிமானம். நொறுங்கிய எலும்பு சுழலும், குட்டையாகும். இரு முனையிலும் குறுக்குத் திருகு போடும் வழக்கம் பின்னர் வந்தது.

கணைக்கால் எலும்பில் பாதி வெற்றி, ராடை உள்ளே விடத் துளை போடும் இடத்தில் இருக்கிறது. முன்பக்க எக்ஸ்ரேயில் அது, எலும்பின் மேல்முனையில் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் இரு முனைப்புகளில் வெளிப்பக்க முனைப்புக்குச் சற்று உள்ளே. பக்கவாட்டில் மூட்டுப்பரப்பு முடிந்து முன்சரிவு தொடங்கும் விளிம்பில். மேல்பகுதி முறிவில் சில மில்லிமீட்டர் உள்பக்கம் தள்ளிப்போனாலே கால் வெளிப்புறம் சாயும். முழங்காலை மடக்கினால், முழங்கால் சில்லைக் கணைக்கால் எலும்போடு இணைக்கும் தசைநாண் மேல்துண்டை முன்னே இழுத்துவிடும். அதனால் அந்த முறிவுகளுக்குக் காலைக் கிட்டத்தட்ட நீட்டி வைத்து, சில்லுக்கு மேலிருந்து ராடு இறக்குவது நல்லது.

எலும்பை ராடே நேராக்கிவிடும் என்ற நம்பிக்கை நடுத்தண்டோடு சரி. அங்கே குழல் குறுகல். முனைகளில் புனல்போல விரிகிறது. ராடு உள்ளே ஆடும். அங்கே முதலில் கையால் சீராக்கி, ராடுக்கு வழிகாட்ட முதலில் உள்ளே விடும் மெல்லிய வழிக்கம்பியின் நுனிக் குண்டைக் கணுக்கால் மூட்டின் மேல் இரு கோணத்திலும் நட்டநடுவில் நிறுத்த வேண்டும்.

அந்தக் கம்பியின் மேல் செலுத்தும் ரீமர், அதாவது குழலை உள்ளே குடைந்து அகலமாக்கும் கருவி, 0.5 மி.மீ. படிகளாகப் பெரிதாகும். உள்சுவரைத் தொட்டதும் கையில் கரகரவென அதிரும். ராடின் விட்டத்தைவிட 1 முதல் 1.5 மி.மீ. கூடுதலாகக் குடைவார்கள், 10 மி.மீ. ராடுக்கு 11 அல்லது 11.5. திடக் கம்பியில் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 9க்குப் பதில் 10 என்றால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆனால் மழுங்கிய ரீமர் எலும்பைச் சுடும். அவசரமாகத் தள்ளினால் மஜ்ஜைக் கொழுப்பு அழுத்தத்தில் இரத்தக் குழாய்களுக்குள் புகுந்து நுரையீரலுக்குப் போகும்.

மேல் திருகுகளுக்கு, துளை எங்கே என்று காட்ட ராடோடு பூட்டிய ஜிக் என்ற வழிகாட்டிச் சட்டம் போதும். கீழ்த் துளைகளுக்குப் பெரும்பாலும் போதாது: உள்ளே இறங்கும்போது ராடு லேசாக வளைந்திருக்கும். ஆபரேஷனின்போதே படம் காட்டும் எக்ஸ்ரே கருவியான சி-ஆர்மில் ராடின் துளை முட்டை வடிவில் தெரியும்வரை கோணம் தப்பு. சரியான வட்டமானதும் ட்ரில் நுனியை நடுவில் வைத்து, எக்ஸ்ரே கற்றையின் திசையிலேயே நேராகத் துளைக்க வேண்டும். முதலில் கீழே பூட்டினால் ஒரு வசதி உண்டு. ராடை மெல்லப் பின்னோக்கித் தட்டி முறிவு இடைவெளியை மூடலாம். மேலே பூட்டும் முன் பாதம் திரும்பியிருக்கிறதா என்று மறுகாலோடு ஒப்பிட மறந்தால், பின்னால் திருத்த இன்னொரு ஆபரேஷன்.

அன்றிரவு மருந்துக்கும் அடங்காத வலி, கால் விரலை நீட்டினால் துடிக்கிறது என்றால், காலின் தசைகளை உறைபோல மூடிய அறைகளுக்குள் அழுத்தம் ஏறுகிறது. விடியும்வரை காத்திருக்கக் கூடாது. முழங்கால் முன்வலி பலருக்கு நீடிக்கும். மாதங்கள் கழித்துக் கீழ்த்திருகு முறிந்தால் திருகைக் குறை சொல்லும் முன் எலும்பு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேராத எலும்பின் சுமையைச் சுமந்து களைத்துத்தான் பெரும்பாலும் அது உடைகிறது.